களிநிலத்தில் வடிகால் கண்ட வரலாறு

நீரைத் தேக்கியவர்களின் பெயர்களை வரலாறு மறப்பதில்லை. குளங்கட்டிய மன்னரும் அணை கோலிய வேந்தரும் கல்வெட்டிலும் காவியத்திலும் இடம் பெற்றுள்ளனர். நீரை வடித்தவர்களுக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவர்கள் செய்த வேலை மண்ணுக்குள் மறைந்து கிடப்பது. பயிர் செழித்தால் விதையைப் புகழ்வார்கள், பசளையைப் புகழ்வார்கள். அடியில் ஓடும் கானை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், வட ஐரோப்பாவின் கனத்த களிநிலங்களில் கோதுமையும் கனிமரமும் விளைந்த கதை, பெரும்பாலும் அம்மறைந்த கான்களின் கதையே யாகும்.

களிமண்ணின் இயல்பை முதலில் அறிந்துகொண்டாலன்றி அக்கதை விளங்காது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கி, அவற்றுள் இரண்டு கூறினும் சிறியதாக உள்ள துகளையே மண்ணியலார் களித்துகள் என்பர். மணற்பரல்களுக்கு இடையிலுள்ள வெளி பெரிது. மழைநீர் அதன் வழியே விரைவில் இறங்கிவிடும். களித்துகள்களின் இடைவெளியோ மிக நுண்ணியது. அங்கே புகுந்த நீர் பிடித்த பிடியை விடாது. நீர் நிறைந்த இடத்தில் காற்று இருக்க முடியாதாகையால் வேர் மூச்சுவிட வழியின்றித் திணறி, பின்னர் அழுகிப் போகின்றது. குளிர்நாடுகளில் இன்னுமொரு கேடு உண்டு. ஈரமண் வெயிலை ஏற்றுச் சூடாவதற்கு நெடுநாள் செல்லும். அண்டை வயலில் விதை முளைத்துத் தழைத்த பின்னரும் களிநிலம் குளிர்ந்து கிடக்கும்.

அப்படியானால் அந்நிலத்தைக் கைவிட்டுவிடலாமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். களிமண் ஏழை மண்ணன்று. பயிருக்கு வேண்டிய ஊட்டங்களை மணலைக் காட்டிலும் பன்மடங்கு பற்றி வைத்திருப்பது அதுவே. செல்வம் நிறைந்த பெட்டி பூட்டிக் கிடப்பதைக் கண்டவன் திறவுகோலைத் தேடாமல் இருப்பானா?

அந்தத் தேடல் மிகப் பழையது. கிறித்து பிறந்து முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம நாட்டு வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா, ஈரநிலத்தை முதலில் கான் வெட்டி வடித்த பின்னரே பயிரிட வேண்டும் என விதித்தார். கான்களுள் திறந்தவை, மூடியவை என இருவகையை அவர் வகுத்துக் காட்டினார். மூடிய கான் என்பது மூன்றடி ஆழமான பள்ளம். அதன் பாதியளவுக்குச் சிறு கற்களையோ பரலையோ இட்டு, மேலே மண்ணைப் பரப்பிவிட வேண்டும். கல் கிடையாத ஊரில் சுள்ளிகளைக் கயிறுபோல் திரித்துக் கட்டிப் பள்ளத்திற் கிடத்தலாம். இறுகிய மண்ணுக்குத் திறந்த கானே ஏற்றது என்பதும் அவருடைய கருத்து. கொலுமெல்லா கூறிய இம்முறையிலிருந்து ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் அதிக தூரம் சென்றுவிடவில்லை என்பது வியப்புக்குரியது.

களிமண் தோட்டத்தோடு மனிதன் நடத்திய போராட்டங்களுள் மிகவும் புகழ் பெற்றது பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. பதினான்காம் லூயி மன்னன் வெர்சாய் அரண்மனைக்கு அருகே தனக்கெனக் காய்கனித் தோட்டம் ஒன்றை அமைக்க விரும்பினான். 1678 இல் தொடங்கிய அவ்வேலை 1683 வரை நீடித்தது. பொறுப்பை ஏற்றவர் லா கன்தினி என்பவர். வழக்கறிஞராகப் பயின்று, பின்னர் தோட்டக்கலையில் மனம் பற்றி அத்தொழிலுக்கே வந்து சேர்ந்தவர் அவர். தோட்டத்துக்கு மன்னன் தேர்ந்த இடமோ நாற்றம் வீசும் ஒரு சதுப்பு. அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்ததே அதன் ஒரே சிறப்பு. அரசனின் வசதியும் மரத்தின் வசதியும் முரண்படுமிடத்தில் எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அருகே பெரியதொரு தடாகம் தோண்டப்பட்டு, அங்கிருந்து எடுத்த மண்ணைக் கொண்டு சதுப்பைத் தூர்த்தனர். சட்டோரிக் குன்றிலிருந்தும் மண் வந்தது. வேலை முடிந்தபோது தரை உயர்ந்தது, துன்பம் தீரவில்லை. இட்ட மண்ணே நீர் குடியாத மண்ணாக இருந்தது. மழை பெய்தால் நீர் கீழே இறங்காது மேலேயே தேங்கி நின்றது, நிலம் சேறாயிற்று, நட்டவை கெட்டன. லா கன்தினி இரண்டு காரியங்களைச் செய்தார். தோட்டம் முழுவதற்கும் பொதுவாக நிலத்தின் அடியிலே கல்லாற் கட்டிய பெரிய வடிகால் ஒன்றை அமைப்பித்தார். பின்னர் ஒவ்வொரு சதுரப் பாத்தியையும் சமதளமாக விடாமல், பழங்காலப் பேழையின் மூடியைப் போல் நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்தினார். மேலே விழுந்த நீர் இரு பக்கமும் வழிந்து ஓரக்கானிற் சேர்ந்து, அங்கிருந்து அடிவடிகாலுக்குச் சென்றது.

இவ்விரண்டனுள் முதலாவது அரசனுடைய பொருளாலன்றி ஆகாதது. இரண்டாவதைச் செய்ய மண்வெட்டி ஒன்றே போதும். தோட்டக்கலையின் வரலாற்றில் லா கன்தினியின் உயர்ந்த பாத்தி அவருடைய கல்வடிகாலைவிடப் பெரிய பாடம் என்று கருத இடமுண்டு. ஏனெனில், களிமண்ணை ஆழத்தில் வடிப்பது அரிது. மேற்பரப்பில் நீர் தங்காமற் செய்வதும், வேர் படரும் ஓரடி ஒன்றரையடி மண்ணை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பதும் எளிது. 1688 இல் அவர் இறந்தார். அவர் எழுதிய பெருநூல் 1690 இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜோன் ஈவ்லின். அரசனின் அத்தோட்டம் இன்றும் வெர்சாயிலே இருக்கின்றது. அங்கே ஒரு நிலவமைப்புக் கலைக்கல்லூரி நடைபெறுகின்றது.

ஆங்கில நாட்டு உழவருக்கு உயர்ந்த பாத்தி புதியதன்று. நடுநாட்டுக் களிவயல்களில் அவர்கள் இடைக்காலம் முதலாகவே கலப்பையை எப்பொழுதும் நடுவை நோக்கி மண்ணைத் தள்ளும்படி ஓட்டி, நிலத்தை நீண்ட மேடுகளாகவும் இடைப்பள்ளங்களாகவும் ஆக்கி வைத்திருந்தனர். பள்ளத்தில் நீர் ஓடியது. மேட்டில் பயிர் நின்றது. பள்ளத்தோரம் விளைவு குன்றியது என்பது அம்முறையின் குறை. பிற்காலத்தில் புல்தரையாக விடப்பட்ட அவ்வயல்களில் அம்மேடுபள்ளங்கள் இன்றும் மாலை வெயிலில் நிழல் விழுந்து தெரிகின்றன.

உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றத்தின் பக்கம் நின்ற உவால்டர் பிளித் என்பவர் 1649 இல் ஒரு நூலும், அதனைத் திருத்தி விரித்து 1652 இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். மேலோட்டமாகக் கீறிய கான் பயனற்றது, நிலத்தைக் குளிரச் செய்யும் அடிநீரை எட்டும்வரை வெட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். எசெக்ஸ், சபோக் முதலிய கிழக்கு மாகாணங்களிலோ உழவர் தம் போக்கிலே பள்ளம் வெட்டி, அதில் முட்புதர்க் கட்டுகளையும் வைக்கோலையும் இட்டு மூடி வந்தனர். அக்கட்டு சில ஆண்டுகளில் மக்கிப்போகும். ஆனால், களிமண்ணில் அதற்குள் ஒரு குடைவு உருவாகி நிலைத்து விடும். கட்டு அழிந்த பின்னும் கான் ஓடும். களிமண்ணின் பிடிவாதத்தையே அவர்கள் வேலைக்கு அமர்த்தியிருந்தனர்.

ஜோசப் எல்கிங்டனின் கதை இங்கிலாந்தில் பலகாலம் பேசப்பட்டது. வோரிக்சயர் மாகாணத்தில் பிரின்ஸ்தோர்ப் என்னும் ஊரில் அவருக்குப் பண்ணை இருந்தது. ஈரத்தினால் வரும் நோய் கண்டு அவருடைய ஆடுகள் மடிந்தன. 1764 இல் அவர் ஒரு பள்ளத்தை நாலைந்து அடி ஆழத்துக்கு வெட்டுவித்தார்; நீர் வடிந்தபாடில்லை. என்செய்வதென்று அவர் நின்ற வேளையில், ஆட்டுப்பட்டிக்குத் துளையிடுவதற்காக ஒரு வேலையாள் அலவாங்கொன்றைத் தூக்கிக்கொண்டு அவ்வழியாகச் சென்றான். எல்கிங்டன் அதனை வாங்கிப் பள்ளத்தின் அடியில் மேலும் நாலடி ஆழத்துக்கு இறக்கினார். அலவாங்கை உருவியதும் உள்ளேயிருந்த நீர் பொங்கி எழுந்தது. மேலேயிருந்து விழுந்த மழையன்று, கீழேயிருந்து அழுத்தத்தால் ஏறிய ஊற்றே தம் நிலத்தைக் கெடுத்தது என்பதை அவர் அறிந்தார். 1795 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அவருக்கு 1,000 பவுண் பரிசளித்தது. எழுதி வைக்கும் பழக்கமற்ற அவரோடு அவ்வித்தை அழிந்துவிடலாகாதென ஜோன் ஜோன்ஸ்டன் என்பவரை அனுப்பிக் கற்பித்து, 1797 இல் நூலாகவும் வெளியிட்டனர்.

ஆனால், எல்கிங்டனின் அலவாங்கு ஊற்றுநிலத்துக்கு மருந்து. மழைநீர் தேங்கும் களிநிலத்துக்கு அன்று. நோய் ஒன்றாகத் தோன்றினாலும் காரணம் இரண்டு. இதனை அறியாமல் எங்கும் அம்முறையைக் கையாண்ட பலர் பணத்தை மண்ணில் இறைத்தனர்.

களிநிலத்துக்கென முறை வகுத்தவர் ஒரு பஞ்சாலை முகாமையாளர். ஸ்கொட்லாந்தின் பேர்த்சயர் பகுதியில், டீன்ஸ்டன் என்னுமிடத்தில் இருந்த ஆலையை நடத்திய ஜேம்ஸ் ஸ்மித் அவர். ஆலைக்குரிய பண்ணை நிலம் ஈரமும் கல்லும் நிறைந்த கெட்ட நிலம். நீர் எங்கே ஊறுகின்றதென்று தேடிக்கொண்டிராமல், நிலம் முழுவதிலும் ஒழுங்கான இடைவெளி விட்டு, சரிவை ஒட்டி, ஏறத்தாழ இரண்டரை அடி ஆழமான கான்களை அவர் வரிசையாக வெட்டினார். உடைத்த கற்களை அவற்றில் நிரப்பினார். அதனோடு நிற்கவில்லை. கான்களுக்கு இடைப்பட்ட நிலத்தின் அடிமண்ணை மேலே புரட்டாமல் உள்ளேயே உடைத்து நெகிழ்விக்கும் கலப்பை ஒன்றையும் செய்து உழுதார். 1831 இல் இதனைச் சிறு நூலாக எழுதினார். 1836 இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் கூறியபோது நாடெங்கும் அவர் பெயர் பரவியது. கான் வெட்டுவது பாதி வேலை, மண்ணைத் திறந்துவிடுவது மறுபாதி வேலை என்பதே ஸ்மித்தின் முறைக்குள் அடங்கியிருந்த உண்மை. அவருக்குப் பின் வந்தவர்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

அதற்குக் காரணம் ஒரு குழாய். கல்லுக்குப் பதிலாகச் சுட்ட ஓட்டைக் கானிலிடும் வழக்கம் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. குதிரை இலாடம்போல் வளைந்த ஓட்டைக் கவிழ்த்து வைப்பர். 1784 முதல் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் இங்கிலாந்தில் வரி இருந்தது. வடிகால் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை ஓட்டிலே பதித்துச் சுட்டால் வரியில்லை என 1826 இல் சட்டம் இயற்றினர். அவ்வெழுத்துப் பதிந்த ஓடுகளை இன்றும் நூதனசாலைகளிற் காணலாம். 1843 இல் டார்பி நகரில் வேத்தியல் வேளாண் சங்கத்தின் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே, கென்ற் மாகாணத்து ஹோர்ஸ்மண்டன் ஊரைச் சேர்ந்த ஜோன் ரீட் என்பவர், உருளை வடிவான களிமண் குழாய்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். பொறியியலாளரல்லர் அவர், தொழிலால் தோட்டக்காரர். நஞ்சுண்டவரின் வயிற்றைக் கழுவும் பம்பியையும் ஆக்கியவர் அவரே என்பது சுவையான செய்தி. களியைத் தகடாக்கி ஓர் உருளைக் கட்டையின்மேற் சுற்றிச் சுட்டால் குழாய் ஆகிவிடும். எளிமையே அதன் பெருமை.

அதனைக் கண்ட பொறியியலாளர் ஜோசையா பார்க்ஸ் அருகிலிருந்த ஸ்பென்சர் பிரபுவிடம் குழாயைக் காட்டி, இதனைக் கொண்டு இங்கிலாந்து முழுவதையும் வடித்துவிடுவேன் என்று கூறியதாகச் சொல்வர். ரீட்டுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1845 இல், செசயர் மாகாணத்துத் தோமஸ் ஸ்கிராக் அமைத்த குழாய் வார்க்கும் இயந்திரம் அதே சங்கத்தின் பரிசைப் பெற்றது. ஊருக்கு ஊர் சூளைகள் எழுந்தன. நிலத்தை நனைத்துக் கெடுத்த அதே களிமண்ணைத் தோண்டிச் சுட்டு, அதே நிலத்துக்குள் புதைத்தனர்.

1846 ஆம் ஆண்டு வந்தது. அயல்நாட்டுத் தானியத்தின்மீது இருந்த காப்புவரியைப் பிரித்தானியா நீக்கியது. மலிந்த தானியத்தோடு போட்டியிட வேண்டிய நிலக்கிழாருக்கு ஈடு போன்று, அதே ஆண்டில் வடிகாற் கடன் சட்டமும் நிறைவேறியது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து முதலிய பகுதிகளுக்கு இருபது இலட்சம் பவுணும், அயர்லாந்துக்குப் பத்து இலட்சம் பவுணும் ஒதுக்கப்பட்டன. நூற்றுக்கு ஆறரை வீதம் 22 ஆண்டுகள் கட்டினால் முதலும் வட்டியும் தீரும். கடன் வாங்கியவர் நிலக்கிழார். ஆயினும், அவர் கட்டவேண்டியதில் பெரும்பங்கு பல இடங்களிற் குத்தகையோடு சேர்ந்து உழவன் தலைமீது ஏறியது. கானால் வந்த வளம் நிலத்தோடு நிற்பது. உழவன் பண்ணையை விட்டு நீங்கினால் அதனைத் தூக்கிச் செல்ல முடியாது. தன் பொருளைச் செலவிட்டுக் கான் வெட்டிய குத்தகையாளனுக்கு இழப்பீடு வழங்குவதற்கு 1875 இலும் 1883 இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. குழாய் கண்டுபிடிப்பதிலும் நீதி கண்டுபிடிப்பதற்கு நாற்பதாண்டு அதிகம் சென்றது எனலாம்.

அதனிலும் பெரிய தவறொன்று மண்ணுக்குள் நிகழ்ந்தது. பார்க்ஸ் நாலடி ஆழத்தை வலியுறுத்தினார். ஆழமான கான் அகலமான நிலத்தை வடிக்குமாதலால் கான்களின் இடைவெளியைக் கூட்டலாம், செலவு குறையும் என்பது அவர் கணக்கு. நீர் புகக்கூடிய மண்ணில் அக்கணக்குச் சரியே. பொதுப்பணத்தை மேற்பார்வை செய்த அதிகாரிகளும் அவர் கருத்தையே ஏற்று, மண் எத்தகையதென்று பாராமல் நாலடியை விதியாக்க முனைந்தனர். இறுகிய களியில் என்ன நிகழ்ந்தது? குழாய் நாலடி ஆழத்தில் வெறுமையாகக் கிடந்தது. மேலே வயலில் நீர் தேங்கி நின்றது. இடையிலுள்ள களி நீரைக் கீழே விட்டாலன்றிக் குழாய்க்கு வேலையில்லை. பல இடங்களில் ஆழங்குறைந்த கான்களை நெருக்கமாக மீண்டும் வெட்ட நேர்ந்தது. ஸ்மித்தின் இரண்டரை அடியையும் அடிமண் உடைக்கும் கலப்பையையும் எள்ளியவர்கள் அப்பொழுது அவரை நினைத்திருப்பர். அவர் 1850 இல் காலமாகிவிட்டார்.

களிமண்ணில் நீர் துகள்களின் ஊடாகச் செல்வது மிகச் சிறிது. வெடிப்புகளின் வழியாகவே அது பெரிதும் செல்கின்றது. மன்னாருக்கு அருகே முருங்கன் பகுதியின் கரிய களியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் களி எடுத்த இடம் அது. கோடையில் அங்கே நிலம் கைநுழையப் பிளந்து கிடக்கும். முதல் மழை அப்பிளவுகளில் மடமடவென்று இறங்கும். மண் நனைந்து வீங்கியதும் பிளவுகள் மூடிவிடும். அதன்பின் நீர் மேலேதான் நிற்கும். ஆகவே, களிநிலத்தை வடிப்பதென்பது வெடிப்புகளை மூடாமல் வைத்திருப்பதே. இங்கிலாந்தில் வழங்கிய அகழெலிக் கலப்பை இவ்வுண்மையை நன்கு பயன்படுத்திற்று. துப்பாக்கிக் குண்டு வடிவான இரும்புத் துண்டை ஒரு கத்தியின் அடியிற் பொருத்தி, களிக்குள் இரண்டடி ஆழத்தில் இழுத்துச் செல்வர். அது சென்ற வழியே வெறுங்களியில் ஒரு குடைவும், கத்தி கிழித்த வழியே மேல்நோக்கிப் பல வெடிப்புகளும் உண்டாகும். குழாயே வேண்டியதில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஜோன் பவுலர் என்ற இளைஞர், வடிகாலின் செலவைக் குறைக்க எண்ணி, இக்கலப்பையின் பின்னால் மரக்குழாய்களைக் கோத்து இழுக்கும் பொறியை அமைத்து 1851 ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்காட்சியில் வைத்தார். அதனைத் தொடர்ந்தே அவர் நீராவிக் கலப்பைக்குச் சென்று பெரும்புகழ் பெற்றார்.

குழாய் கடலையும் கடந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து 1821 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜோன் ஜோன்ஸ்டன், நியூயோர்க் மாநிலத்தில் செனக்கா ஏரியருகே, ஜெனீவா என்னும் ஊரில் பண்ணை வைத்தார். எல்கிங்டனிடம் கற்ற ஜோன்ஸ்டன் வேறு, இவர் வேறு. இந்த ஜெனீவாவும் சுவிற்சர்லாந்து நகரன்று. தாய்நாட்டிலிருந்து மாதிரி ஓடுகளை வருவித்து, அவை போல் கையாற் செய்வித்து, 1838 இல் தம் களிநிலத்திற் புதைத்தார். பானை சட்டியைப் புதைக்கும் பைத்தியக்காரன் என அயலார் நகைத்தனர். விளைவைக் கண்டபின் நகைப்பு அடங்கிற்று. வாழ்நாள் முடியுமுன் 72 மைல் நீளமான கான்களை அவர் தம் 320 ஏக்கரில் இட்டார் என்று கணக்குண்டு.

அந்நாட்டவரான நீதிபதி ஹென்றி பிளாக் பிரெஞ்ச் 1859 இல் பண்ணை வடிகாலைப் பற்றி எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. தோட்டங்களில் பரல் நிரப்பி வெட்டும் கானுக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக் கான் என்று கேட்டதும் அது பிரான்சு நாட்டுக்குரியதென நினைப்போர் பலர். கொலுமெல்லா எழுந்து வந்தால் தம்முடைய கானென்று உரிமை கொண்டாடக்கூடும்.

கான் நீரை மட்டுமா கொண்டு செல்கின்றது? இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில், பிரோட்போக் என்னும் கோதுமை வயலின் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே 1849 இல் குழாய் இட்டிருந்தனர். 1860 களின் பிற்பகுதியில் அக்குழாய் நீரை இரசாயன அறிஞர் ஓகஸ்டஸ் வோல்க்கர் சோதித்தார். பொசுபரசும் பொற்றாசியமும் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிட, நைத்திரேற்று மட்டும் நீரோடு வெளியேறுவது தெரிந்தது. களியைக் கானால் வடிக்கின்றவன் பசளையை எப்பொழுது இடுவதென்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண்ணைத் திறந்து வைப்பவை எவை என்ற கேள்விக்குப் பின்னர் விடைகள் வந்தன. 1881 இல் சார்ள்ஸ் டார்வின் மண்புழுவைப் பற்றி எழுதிய நூலில், ஐந்தாறடி ஆழம் வரை செல்லும் புழுத்துளைகள் நிலத்தை வடிக்க உதவுவதைச் சுட்டினார். சுண்ணாம்பு இட்டால் களி பொலபொலக்கும் என்று உழவர் கண்டறிந்திருந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. களித்துகளின் மேற்பரப்பில் கல்சியம் பற்றியிருந்தால் துகள்கள் ஒன்றுகூடிச் சிறு கட்டிகளாகும், கட்டிகளுக்கிடையே வழியுண்டாகும். சோடியம் பற்றினால் அவை தனித்தனியே பிரிந்து, நனைந்ததும் பசைபோலாகித் துளைகளை அடைத்துவிடும். 1953 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதிப் புயலில் வடகடல் நெதர்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் புகுந்து களிவயல்களை மூழ்கடித்தது. கடல்நீரை இறைத்து வெளியேற்றியதோடு வேலை முடியவில்லை. உப்பின் சோடியம் களியிலே நின்றுவிட்டது. டச்சுக்காரர் ஜிப்சத்தைப் பெருமளவில் வயல்களில் இட்டனர். அதிலுள்ள கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, மழைநீர் சோடியத்தைக் கழுவிச் சென்றது. உப்பேறாத சாதாரணக் களிக்கு ஜிப்சம் பெரிதாக எதையும் செய்துவிடாது என்பதையும் உடன் கூற வேண்டும்; தோட்டக்காரர் சிலர் அதனை எந்தக் களிக்கும் மந்திரமருந்தாக எண்ணிப் பொருளை வீணாக்குவதுண்டு.

தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய மற்றொரு நம்பிக்கை, நடுகுழியின் அடியில் கற்களை இட்டால் நீர் வடியும் என்பது. 1959 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வோல்டர் கார்ட்னர் எடுத்த ஒரு படம் அதனைப் பொய்யென்று காட்டிற்று. நுண்ணிய மண்ணில் இறங்கும் நீர், அடியிலுள்ள பருக்கைப் படையை எட்டியதும் நின்று விடுகின்றது. மேலுள்ள மண் முற்றும் நனைந்து நிறைந்த பின்னரே அது கீழே சொட்டுகின்றது. போக்கிடம் இல்லாத குழியில் இட்ட கல், ஈரத்தை வேருக்கு இன்னும் அருகே கொண்டு வருகின்றது. களிநடுவே குழிவெட்டி அதனை மட்டும் நல்ல மண்ணால் நிரப்புவதும் இத்தகையதே: சுற்றுப்புறத்து நீர் எல்லாம் வந்து தங்கும் கிணறாக அக்குழி ஆகிவிடும். ஒரு வண்டி மணலைக் களியிற் கலப்பதும் உதவாது. மணலே மிகுதியாகும் அளவுக்குச் சேர்த்தாலன்றிக் களி அதனை விழுங்கி மேலும் இறுகும்.

ஆகவே, கனத்த களியிலே தோட்டம் போடுகின்றவர்கள் நடுவதற்கு முன்னரே மண்ணைச் சோதிக்கத் தலைப்பட்டனர். ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்பி, அது இறங்கியபின் மறுமுறை நிரப்பிப் பார்ப்பர். மறுநாளும் நீர் நின்றால் அது வடிகால் வேண்டிய நிலம். முதலில் நீர் எங்கே போய்ச்சேர வேண்டுமென்று தாழ்வான இடம் தேடுவர்; போக்கிடம் கிடைத்தாற் கான், கிடைக்காவிடின் லா கன்தினியைப் போல் உயர்ந்த பாத்தி. ஈரக்களியில் மண்வெட்டியை வைப்பதில்லை; வைத்தால் வெட்டிய முகம் பூசி மெழுகியதுபோல் அடைபட்டுவிடும். குளிர்நாட்டில் இலையுதிர் காலத்திற் கொத்திக் கட்டியாகவே விட்டுவிடுவர்; உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிந்து கட்டிகளை உடைக்கும். உறைபனி இல்லாத நாட்டில் அவ்வேலையைக் கோடையின் வெடிப்புச் செய்கின்றது. உடைந்த களியோடு கூட்டெருவும் இலைமக்கும் சேர்ந்தால், புழுவும் வேரும் அந்த உடைவுகளை மூடவிடாமற் காக்கும். ஒரு முறை இட்டு விட்டுவிடுவதன்று அது. ஆண்டுதோறும் இட வேண்டுவது.

1960 களுக்குப் பின்னர் சுட்ட களிக்குழாய்க்குப் பதிலாக, துளையிட்ட பிளாத்திக்குக் குழாய் வந்தது. சூளைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. புதைத்த பழைய குழாய்களோ இங்கிலாந்தின் மண்ணுக்குள் எத்தனையோ இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வயலாக இருந்த நிலத்தில் வீடு கட்டியவர்கள் அத்திவாரம் வெட்டும்போது அவற்றை அறியாமல் உடைத்து விடுவதுண்டு. அடுத்த மாரியில் தோட்டத்தின் மேற்பக்கம் திடீரென்று சேறாகும். அத்தகைய வீட்டில் அனுபவமுள்ள தோட்டக்காரன் புதுக்கான் வெட்ட அவசரப்பட மாட்டான். சேறு தொடங்கும் இடத்தில் மெல்லக் கொத்திப் பார்ப்பான். செந்நிற ஓட்டுத் துண்டு ஒன்று மண்வெட்டியில் தட்டினால், அது எந்தத் திசையிற் செல்கின்றதென்று தொடர்ந்து போய், உடைந்த இடத்தைக் கண்டு இணைத்து விடுவான்.